கேஸ்கட்டில் ஒரு கடி குறைகிறது

புளியங்கொட்டை அளவு இருக்கும், கொஞ்சம் கூடவே இருக்கலாம். குக்கர் மூடியின் ரப்பர் வளையத்தை, அந்தக் கேஸ்கட்டை, மறுபடியும் தரையில் வட்டமாக வைத்துப் பார்க்கிறேன். எப்படித் திருப்பி வைத்தாலும் ஓரிடத்தில் பிறை மாதிரி ஒரு கடி குறைகிறது. பால்கனி முழுக்கத் தேடியாயிற்று. வாஷிங் மெஷினுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்ததில் என் மனைவி செலினின் ஹேர் கிளிப்பும் என்னுடைய ஒற்றைச் சாக்ஸும் டிவி ரிமோட்டின் ஒரு பொத்தானும் கிடைத்தன, ரப்பர் துண்டு மட்டும் கிடைக்கவில்லை. ஆக அது வயிற்றுக்குள் இருக்கிறது. யார் வயிற்றுக்குள் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கேஸ்கட்டைக் கவ்விக்கொண்டு பால்கனியிலிருந்து கூடத்துக்கு ஓடிவந்தவன் பட்டாசு. பெயரே பட்டாசு, வேறு யார் செய்வார்கள் இந்த வேலையை. இப்போது கூண்டுக்குள் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறான், ஸ்டேஷனில் உட்கார வைத்த ஆள் இன்ஸ்பெக்டரைப் பார்ப்பது போல. பாருடா பார். இன்றைக்கு நீ வெளிக்குப் போகிற வரைக்கும் நானும் உன்னைத்தான் பார்க்கப் போகிறேன். இதற்காக ஆபீசுக்கு லீவு சொல்லியிருக்கிறேன். "வீட்ல உடம்பு சரியில்ல சார்" என்றேன். யாருக்கு என்று மேனேஜர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் ஒரு ஃபெரெட்டுக்கு என்று சொல்லியிருக்க வேண்டும், ஃபெரெட் என்றால் என்ன என்று விளக்கியிருக்க வேண்டும், கீரி மாதிரி நீளமாக இருக்கும் சார், ஆனால் கீரி இல்லை, வெளிநாட்டில் பூனை மாதிரி வீட்டுக்குள் வளர்ப்பார்கள் என்று. எங்கள் குடியிருப்பின் வாட்ச்மேனுக்கு நானும் பலமுறை விளக்கிவிட்டேன், அவர் இன்னும் "கீரி சௌக்கியமா சார்" என்றுதான் கேட்கிறார். சௌக்கியமாகத்தான் இருந்தது அய்யா, இன்று காலை வரைக்கும்.

டாக்டர் நசீமா போனில் அமைதியாகத்தான் சொன்னார். அவர் அமைதியாகச் சொல்லச் சொல்ல எனக்கு வியர்த்தது. "ரப்பர்னா இதுங்களுக்கு உயிர் சார். செருப்பு, ரிமோட், ஹெட்போன், எது ரப்பரா இருந்தாலும் கடிக்கும். பிரச்சினை என்னன்னா கடிச்சுத் துப்பாது, முழுங்கிடும். குடல் ரொம்பச் சின்னது. வெளிய வந்துட்டா வந்துட்டுது. அடைச்சுக்கிச்சுன்னா ஆபரேஷன்தான்." பிறகு அடைத்துக்கொண்டதற்கான அடையாளங்களைச் சொன்னார். வாந்தி எடுக்கும், சாப்பாட்டைத் தொடாது, வாயை முன்னங்காலால் தேய்க்கும், பல்லை நறநறவென்று கடிக்கும், சுருண்டு படுத்துக்கொள்ளும். இதில் எது வந்தாலும் உடனே தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும், ஒன்றும் வராவிட்டாலும் சாயங்காலம் ஒரு முறை காட்ட வேண்டும். ஆபரேஷன் என்றால் பிழைக்குமா டாக்டர் என்று கேட்க வாயெடுத்துவிட்டு, "சரிங்க டாக்டர்" என்றேன். இவ்வளவு நீளத்துக்கு இருக்கிறான், அவன் குடல் என் கட்டைவிரல் தடிமன்கூட இருக்காது. அதைக் கத்தியால் திறப்பார்கள். திறந்து புளியங்கொட்டை அளவு ரப்பரைத் தேடுவார்கள். இல்லை, இதை இப்போது நினைக்க வேண்டாம். பட்டாசுவைப் பார்க்க வேண்டும், அவன் வாயைப் பார்க்க வேண்டும், பல்லைக் கடிக்கிறானா என்று கவனிக்க வேண்டும். பல்லைக் கடிக்கவில்லை, கூண்டுக் கதவைத்தான் கடிக்கிறான். மடியில் இன்னொரு ஃபெரெட், பஞ்சு, தூங்குகிறாள். வெள்ளை வயிறு, சாம்பல் முதுகு, பெயருக்கேற்ற குணம். நல்ல பிள்ளை, ஒரு தொந்தரவும் கிடையாது. போட்டதைச் சாப்பிடுவாள், போடாவிட்டால் கேட்க மாட்டாள். காலையில் வைத்த கறியை அப்படியே விட்டிருக்கிறாள், வெயில் ஏறிவிட்டதல்லவா, எனக்கே இட்லி இறங்கவில்லை. மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது, எதிர் வீட்டு மாடியில் யாரோ போர்வையைக் கயிற்றில் போட்டுத் தட்டுகிறார்கள், வேலை நாளில் இந்த வீடு இப்படித்தான் இருக்குமா, இவ்வளவு வெளிச்சமாக, இவ்வளவு நிதானமாக, நான் இல்லாதபோது. மடியில் ஒரு உயிரின் சூடு. சொன்னால் வெட்கம், பயத்துக்கு நடுவிலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

செலினுக்கு இன்னும் தெரியாது. பிளஸ் டூ பரீட்சை, வேறொரு பள்ளியில் மேற்பார்வை, உள்ளே போகும்போதே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் அழைப்பாள், முதல் கேள்வி "பிள்ளைய என்ன செய்யுதுவ?" என்பதாகத்தான் இருக்கும். பிள்ளைகள் என்பது இவை இரண்டும். இவற்றை வளர்த்தவர் அவள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர், அவருக்குக் கல்யாணமாகி மாமனார் வீட்டோடு போக வேண்டி வந்தது, மாமியாருக்கு இவற்றின் வாடை ஆகவில்லை, பொங்கலுக்கு முன்னால் செலின் கூண்டோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். முதல் நாள் நான் மூக்கைப் பொத்தினேன். மறுநாள் பட்டாசு என் சட்டைக் கைக்குள் நுழைந்து காலர் வழியாகத் தலையை நீட்டினான், அவ்வளவுதான், கதை முடிந்தது. அவள் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. முப்பத்தொன்பது வயதில் கல்யாணம் செய்துகொண்டு தூத்துக்குடிக்காரி ஒருத்தி மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடிக்கு வந்து, கணக்குப் பரீட்சைத் தாளும் திருநெல்வேலிக்காரன் நானுமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தவள், தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு சோபாவுக்கு அடியில் இவற்றோடு பேசினாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இப்போது அவள் கேட்டால் என்ன சொல்வது. காலையில் கிளம்பும் அவசரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஏங்க, குக்கரக் கழுவி வச்சிருக்கேன், கேஸ்கட்ட மட்டும் எடுத்து ஆணியில மாட்டிருங்க, கீழ கெடக்கு" என்றாள். நான் பேப்பருக்குப் பின்னாலிருந்து "ம்" என்றேன். மறக்கவில்லை. அதுதான் உண்மை. மறந்திருந்தால் பரவாயில்லை. தொட வேண்டுமே என்றிருந்தது. கழுவிய ரப்பர்தான், சோப்பு வாசம்தான் வரும், ஆனாலும் கோழி வெந்த குக்கரின் ரப்பர். அப்புறம் குச்சி எதையாவது வைத்து எடுத்து மாட்டலாம் என்று இருந்துவிட்டேன். ஒரு குச்சியைத் தேடுகிற சோம்பேறித்தனத்துக்கு இந்த உயிர் போகலாமா.

அந்தக் குக்கர் எதற்குப் பால்கனியில் இருக்க வேண்டும் என்று யாராவது கேட்கலாம். கவுச்சி அடுப்படியில் ஏறக்கூடாது, அதனால் பால்கனி. நாங்கள் சைவம். என் பெயர் குற்றாலிங்கம், இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கல்யாணத்துக்கு அம்மா கடைசியில் சம்மதித்தபோது செலினின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "அடுக்களையில மட்டும் வேண்டாம் தாயி. மத்தபடி உன் வீடு, உன் இஷ்டம்." செலின் யோசிக்கக்கூட இல்லை. "சரி அத்தை" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது, இவ்வளவு பெரிய சிக்கல் இவ்வளவு லேசாக முடிந்ததே என்று. அப்புறம் இவை இரண்டும் வந்தன. வந்த வாரம் நான் என் அறிவைக் காட்டினேன். புது இடம், சூடு, வயிறு குளிரட்டும் என்று தயிர்சாதம் பிசைந்து வைத்தேன். பெருங்காயம்கூடப் போடவில்லை, குழைவாக, குழந்தைக்குப் பிசைவது மாதிரி. பட்டாசு நக்கினான், பஞ்சு நான் வைத்தேனே என்பதற்காகத் தின்றாள். மறுநாள் வீடு முழுக்கப் பச்சையும் கோழையுமாக வெளிக்குப் போயின. டாக்டர் நசீமா நெடுநேரம் என்னையே பார்த்தார். "தயிர்சாதமா?" "சும்மா கொஞ்சம்தான் டாக்டர்." "பால், தயிர், சோறு, பிஸ்கட், பழம் எதுவுமே இதுங்களுக்குச் செரிக்காது சார். கறி மட்டும்தான். நீங்க சைவமா இருங்க, அதுங்க இருக்க முடியாது." வரும் வழியில் ஆட்டோவில் செலின் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து தோள் குலுங்கச் சிரித்தாள். அன்று சாயங்காலமே சின்ன குக்கர் வந்தது, இண்டக்ஷன் அடுப்பு வந்தது, எலும்பில்லாத கோழி வந்தது, எல்லாம் பால்கனியில். நான்தான் ஏற்பாடு செய்தேன். நானே. வயிறு கெட்டுப்போயிருக்கிறதே பாவம் என்று, ஒரு வார்த்தை யாரும் கேட்காமலே. பட்டாசு என்னடா செய்கிறாய். வாயைத் தேய்க்கிறானா. இல்லை, மூக்கைச் சொறிகிறான். மூக்கைச் சொறிவதைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை.

கறியிலும் எல்லாம் ஆகாது இவற்றுக்கு. குட்டியில் எதைத் தின்று பழகினதோ அதைத்தான் சாப்பாடு என்று நினைக்குமாம், மற்றதெல்லாம் கல்லும் மண்ணும். கோழி சரி. ஈரல் கொஞ்சம் கூடினால் பஞ்சுவுக்கு வயிறு இளகும். முட்டை வெள்ளையைத் தொடாது. மீன், மீனைக் கண்டால் பட்டாசு பின்னங்காலால் தரையைச் சொறிவான், மூடிவிடுகிறேன் எடுத்துக்கொண்டு போ என்கிற மாதிரி. அது எப்படித் தெரியும் என்றால் செலின் ஒரு நாள் நெத்திலி வாங்கிவந்தாள். இவர்களுக்கு மாற்றாக இருக்கட்டும் என்றாள். பால்கனியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தலை கிள்ளி ஆய்ந்து, நாலு மிளகாய், கொஞ்சம் புளி. அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும், இவற்றுக்கு எதற்கு மிளகாயும் புளியும் என்று. கேட்கவில்லை. இல்லை, முதலில் வெறும் தண்ணீரில் வேகவைத்து இவற்றுக்கு வைத்தாள், தொடவில்லை, அப்புறம்தான் மிச்சத்தில் புளியும் மிளகாயும். ஆமாம், அப்படித்தான். நான் கூடத்தில் இருந்தேன், திரைச்சீலை காற்றில் ஒதுங்கியது. செலின் எனக்கு முதுகு காட்டி, வாஷிங் மெஷின் மேல் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வேகமாக. ரயில் கிளம்பப்போகிற பிளாட்பாரத்தில் சாப்பிடுவார்களே, அப்படி. திரை மறுபடி விழுந்தது. நான் டிவியின் சத்தத்தைக் கூட்டினேன். எதற்குக் கூட்டினேன். அவளுக்குச் சங்கடமாக இருக்கக்கூடாது என்று. அதுதானா. அவள் கிண்ணத்தைக் கழுவி, கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவி, உள்ளே வந்து "காபி போடட்டுமா?" என்றாள், நான் "போடேன்" என்றேன். அவ்வளவுதான் நடந்தது. அதை எதற்கு இப்போது நினைக்கிறேன், பட்டாசுவைக் கவனிக்கிற வேலையை விட்டுவிட்டு. தலை கிள்ளும்போது அவள் கை எவ்வளவு வேகமாக ஓடியது. கணக்குப் போடும்போதுகூட அந்த வேகம் வராது. பிறந்ததிலிருந்து பார்த்த வேலை, தெரு முனையில் கடல். இந்த இரண்டு வருடத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மீன் வேண்டும் என்று அவள் சொன்னதுண்டா. இல்லை. கேட்காததை ஆசை இல்லை என்று எடுத்துக்கொண்டேன். ஊருக்குப் போனால் சாப்பிட்டுக்கொள்வாள், வெளியே ஹோட்டலில் நான் என்ன தடுத்தேனா. தடுக்கவில்லை. வயிறு கெட்ட இரண்டு பிராணிகளுக்காக ஒரே சாயங்காலத்தில் அடுப்பு வாங்கினேன். அவளுக்காக ஒரு கிண்ணம்கூட வாங்கவில்லை. அம்மா இந்த இரண்டு வருடத்தில் வந்து தங்கியது ஒரே ஒரு தடவை, நாலு நாள். அந்த அடுப்படியை யாருக்காக இத்தனை பத்திரமாகக் காவல் காக்கிறேன்.

மடியில் ஏதோ சத்தம். அரிசியில் கல் கடிபடுகிற மாதிரி, மிக மெல்லியதாக. கொஞ்ச நேரமாகவே கேட்டுக்கொண்டிருந்ததோ என்னவோ, பூனை சொகுசில் உறுமுமே அப்படி ஏதோ என்று நினைத்துத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். குனிந்து பார்த்தால் பஞ்சு தூங்கவில்லை. கண் பாதி திறந்திருக்கிறது, உடம்பு வளையமாகச் சுருண்டிருக்கிறது, தாடை அசைகிறது. பல். பல்லைக் கடிக்கிறாள். டாக்டர் சொன்னார், பல்லைக் கடிக்கும், சுருண்டு படுக்கும், சாப்பாட்டைத் தொடாது என்று. காலையில் வைத்த கறி அப்படியே இருக்கிறது. அய்யோ இவளா. இவளா தின்றாள். பட்டாசு கவ்விக்கொண்டு ஓடிவந்தானே, அவனை மட்டும்தானே பார்த்தேன், அதற்கு முன்னால் பால்கனியில் யார் இருந்தார்கள் என்று பார்த்தேனா. காலையிலிருந்து ஒன்றும் அறியாதவனைக் கூண்டில் அடைத்துக் காவல் இருந்திருக்கிறேன், ரப்பரை விழுங்கியவள் வலியோடு என் மடியில் கிடந்திருக்கிறாள், நானோ நல்ல பிள்ளை என்று முதுகைத் தடவியிருக்கிறேன். கூடை எங்கே, துண்டு எங்கே, ஆட்டோவுக்கு போன் செய்ய வேண்டும், டாக்டருக்கு முதலில், இல்லை ஆட்டோவுக்கு. எழுந்த வேகத்தில் பஞ்சு மடியிலிருந்து நழுவி இறங்கினாள். தள்ளாடினாள். ஓடவில்லை, மெதுவாக, டிவி மேசைக்குப் பின்னால் இருக்கிற மூலையை நோக்கிப் போனாள், போய்த் திரும்பி நின்று, பின்பக்கமாகவே இரண்டடி நகர்ந்து, வாலைத் தூக்கினாள். நான் அப்படியே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன். வா தாயி. அம்மா கூப்பிடுகிற தாயி என்ற சொல் என் வாயில் வந்தது. முக்கினாள். விட்டாள். மறுபடி முக்கினாள், முதுகு வில்லாக வளைந்தது, நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கூடவே முக்கியிருக்கிறேன் போல, எனக்கு அடிவயிறு வலித்தது. பிறகு வந்தது. உலகத்தில் வேறு எதையும் இத்தனை ஆசையாக நான் பார்த்ததில்லை. பக்கத்தில் கிடந்த பேப்பர் துண்டைக்கூட எடுக்கத் தோன்றாமல் விரலாலேயே கிளறினேன், கறுப்பாக, வழவழவென்று, ஒரு ஓரம் நேராகவும் ஒரு ஓரம் பிறையாகவும். குழாயில் கழுவிக்கொண்டு வந்து கேஸ்கட்டில் குறைகிற இடத்தில் வைத்தேன். பொருந்தியது.

டாக்டர் நசீமா சிரித்தார். முழுசாக வந்துவிட்டதா என்று இரண்டு தடவை கேட்டார், இரண்டு தடவையும் பொருத்திப் பார்த்துச் சொன்னேன். கொஞ்சம் கறி கொடுங்க, சாப்பிட்டா பயமில்ல, எதுக்கும் சாயங்காலம் கூட்டிட்டு வாங்க என்றார். கொடுத்தேன். பஞ்சு முகர்ந்தாள், யோசித்தாள், பிறகு என் விரலோடு சேர்த்துத் தின்றாள். கோழிக்கறியை நான் கையால் எடுத்திருக்கிறேன் என்பது அவள் தின்று முடித்தபிறகுதான் உறைத்தது. ஒன்றும் ஆகவில்லை, கை கையாகத்தான் இருக்கிறது. கூண்டைத் திறந்து பட்டாசுவிடம் "மன்னிச்சுக்கடே" என்றேன். அவனுக்கு மன்னிக்கவெல்லாம் நேரமில்லை, முதுகைக் கூனி, பக்கவாட்டில் துள்ளித் துள்ளி, க்ளுக் க்ளுக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு கூடத்தைச் சுற்றினான். பஞ்சு சோபாவுக்கு அடியிலிருந்து பார்த்தாள். வாயைத் திறந்து எதையும் கேட்காத ஜீவன் எவ்வளவு வலியை விழுங்கிக்கொண்டு கிடக்கும் என்று நினைத்தேன், நினைத்ததும் அது பஞ்சுவைப் பற்றியதாக மட்டும் இல்லை. அப்போதுதான் போன் அடித்தது, செலின்.

"பிள்ளைய என்ன செய்யுதுவ?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன், பேப்பருக்குப் பின்னாலிருந்து "ம்" சொன்னதிலிருந்து. குச்சியைப் பற்றியும் சொன்னேன். ரப்பர் பொருந்தியது என்றபோது மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "பஞ்சா?" என்றாள். "இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னு இருந்துட்டு, அவளா இத செஞ்சா?" பிறகு சிரித்தாள். திட்டியிருக்கலாம், திட்டவில்லை. போனில் அவளுக்குப் பின்னால் பரீட்சை எழுதிய பிள்ளைகள் விடைகளைச் சத்தமாக ஒப்பிட்டுக்கொண்டு போகிறார்கள். நான் சொன்னேன், "செலின், வரும்போது மீன் வாங்கிட்டு வா." "அதுவ மீன் திங்காதே, தெரியும்லா?" "அதுகளுக்கு இல்ல. உனக்கு. பால்கனியில வேண்டாம், அடுக்களையில வை. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்." அவள் குரல் கூச்சத்தோடு வந்தது, பரீட்சையில் தப்பாக எழுதியதை ஒப்புக்கொள்கிற பிள்ளை மாதிரி. "இப்ப தவக்காலம்லாங்க. சாம்பல் புதன்லருந்து நான் கவுச்சி எதுவும் தொடுததில்ல. ஈஸ்டருக்குத்தான்."

சாம்பல் புதன். கோயிலுக்குப் போய்விட்டு நெற்றியில் சாம்பலோடு வந்து நின்றாள், நான்கூட "நம்ம ஆளாயிட்டியே" என்று கேலி செய்தேன், அவளும் சிரித்தாள். நாற்பது நாள் நோன்பு அன்றைக்குத் தொடங்கியிருக்கிறது. நான் எங்கே கண்டேன். முந்தின நாள் தட்டில் இருந்ததுதான் மறுநாளும் இருந்தது, வத்தக்குழம்பும் அப்பளமும். இந்த வீட்டில் அவளுக்கு வருடம் முழுக்கத் தவக்காலம், அதில் அவளுடைய சாமிக்கு எது, எனக்கு எது என்று எப்படித் தெரியும். "அப்ப ஈஸ்டருக்கு வாங்குவோம்" என்று சொன்னேன், "காலையிலேயே போவோம். நானும் வருதேன். சட்டி எதுவும் வாங்கணுமா?"

"வாங்க வேண்டாம்" என்றாள் செலின். "இருக்கு. கல்யாணத்தப்பவே எங்கம்மா குடுத்துவிட்டாவ. மீன் வச்சுப் பழகின மண்சட்டி. லாஃப்ட்ல, ஒங்க சூட்கேசுக்குப் பின்னால, சேலையில சுத்தி வச்சிருக்கேன்."